வெள்ளை கோட்டுக்கு 85,000 ரூபாயா, அக்கா?

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டு வந்தார். பெண் பன்னிரண்டாவதில் காமர்ஸ், மார்க் சுமார்தான். ஏதோ ஒரு மாடியில் நடக்கும் ‘ஒரு வருட நர்சிங் டிப்ளமோ’வுக்கு ஃபீஸ் 85,000. அட்வான்ஸ் 5,000 கட்டியாச்சு, மீதிக்கு வளையல் அடகுக்குப் போகப் போகிறது. “நர்ஸுன்னு சொன்னாதான் மாப்பிள்ளை வீட்ல மதிப்பாங்க” என்றாராம் பெண்ணின் மாமா.

பார்த்துக்கலாம் அக்கா என்று ஆரம்பித்தவள், அவர் நீட்டிய நோட்டீஸைப் படித்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். நர்ஸாக வேலை பார்க்க நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், ஒரு வருடச் சான்றிதழை வைத்து அது நடக்காது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு உயிரியல் குரூப் வேண்டும், இவளிடம் அது இல்லை. அந்த ஒரு வருடச் சான்றிதழுக்குக் கடைசியில் வார்டில் உதவியாளர் வேலைதான் கிடைக்கும். அதே வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ள வழி இருக்கும்போது வளையல் எதற்கு?

அந்த வழிக்குப் பெயர் ஜி.டி.ஏ., அதாவது ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், வேலை செய்துகொண்டே கற்பவராக, இதில் சேரலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆஸ்பத்திரியோ முதியோர் இல்லமோ அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், சின்ன இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். 2019 விதியில் பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று இருந்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்ரண்டிஸ் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, பணம் அவள் பேங்க் கணக்குக்கே வருகிறதா, இந்த இரண்டையும் கேளுங்கள். ‘பயிற்சிக் கட்டணம்’ என்று யாராவது இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதியோர் இல்லத்தில் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பது (சிவந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டால் அது படுக்கைப் புண்ணாகிவிடும்), கட்டிலில் வைத்தே உடம்பு துடைத்துவிடுவது, பி.பி., சுகர் பார்த்து எழுதுவது, யூரின் பேக்கைக் காலி செய்து அளவு குறிப்பது, தன் முதுகு போகாமல் ஆளைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது, ஞாபகம் தவறியவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் பதில் சொல்வது. ஊசி போடுவது இவர்கள் வேலையில்லை, போடச் சொன்னால் மறுக்க வேண்டும் என்பதும் பாடம்தான்.

‘மலம், மூத்திரம் எடுக்கிற வேலை’ என்று மாமா சொல்வாராம். அது உண்மைதான், நான் மறைக்கவில்லை. நைட் டியூட்டி உண்டு, ஆரம்பச் சம்பளமும் பெரிசா இருக்காது. நேற்று சோறு ஊட்டிவிட்டவர் இன்று இருக்க மாட்டார், அதுவும் நடக்கும். எல்லோராலும் முடியாது.

ஆனால் இவளால் முடியும் என்று நினைக்கிறேன். அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள், “ஆயாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் படுத்திருந்துச்சு மேடம், ஒரு புண்ணு வரவுடல நான்” என்றாள். அக்கா, இதை ஏன் நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை? மாமாவின் மானத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினீர்களே!

கையெழுத்துப் போடும் முன் ஒரு இல்லத்தில் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க அவளை இருக்கவிடுங்கள். சாயங்காலம் அவள் சொல்வதுதான் முடிவு, மாமா சொல்வது இல்லை. அந்த 5,000 திரும்ப வராது என்றால் போகட்டும். மீதி 80,000-ஐக் கட்டாதீர்கள்.