கூதல் காலத்து வெளிவேலை: கேட்டதும் சொன்னதும்

ராணுவ மருத்துவப் பிரிவுல, லடாக்ல இருக்க லே பக்கம் வேலை பாத்துட்டு, இப்போ அம்பையில (அம்பாசமுத்திரம்) இருக்கேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

நாலுமுக்கு (மாஞ்சோலை மலை): அண்ணாச்சி, எங்க மலையில பனிக்கட்டியா விழுது? மழையும் காத்தும்தான். இதுக்குப் போய் ஆள் விறைக்குமா?

விறைக்கும் தம்பி. உடம்புச் சூடு 37 டிகிரி. அது 35-க்குக் கீழ இறங்கினா ஆபத்து. அதுக்கு வெளிய பூஜ்ஜியம் டிகிரி இருக்கணும்னு இல்ல. நனைஞ்ச துணியோட காத்துல நின்னா 10 டிகிரியே போதும். காத்தை விடத் தண்ணி ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில உங்க பக்கமும், பக்கத்து எஸ்டேட்டு ஊத்துலயும் மழை விடாதே, அதான் எனக்குக் கவலை. பாலித்தீன் பையில காஞ்ச பனியன் ஒண்ணு கொண்டு போங்க. டீ குடிக்க ஒதுங்கும்போது மாத்திருங்க.

கூட நிக்கிற ஆளைக் கவனிங்க. முதல்ல நடுங்கும். அப்புறம் கை விரல் சொன்னபடி கேக்காது, பேச்சு குழறும், கால் தடுமாறும். அந்த நேரம் நடுக்கம் நின்னா, குளிர் விட்டுப்போச்சுன்னு நினைச்சிராதீங்க. அப்பதான் நிலைமை மோசம். ஈரத்துணியைக் கழட்டி, தலையோட சேத்துக் காஞ்ச கம்பளியால போத்துங்க. நெஞ்சுப் பக்கம் சூடு குடுங்க, கை காலைத் தேய்க்க வேண்டாம். நினைவு தெளிவா இருந்தா மட்டும் சீனி போட்ட சூடான டீ. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

நாலுமுக்கு: ஒரு கட்டிங் சரக்கு போட்டாக் குளிர் தெரியாதுங்காங்களே?

தெரியாது, அதான் ஆபத்து. ரத்தம் தோலுக்குப் பாயும், சூடா இருக்க மாதிரி தோணும். உள்ள இருக்க சூடு அந்த வழியாவே வெளியேறிரும்.

பாளையங்கோட்டை: மவன் கனடாவுல கட்டட வேலைக்குப் போறான் அண்ணாச்சி. என்ன குடுத்து அனுப்ப?

பருத்தி பனியனை மட்டும் உடம்போட ஒட்டிப் போடச் சொல்லாதீங்க தாயி. வேர்வையில நனைஞ்சா காயாது. வேர்வையை வெளிய விடுற உள்ளாடை, மேல கம்பளி, அதுக்கும் மேல காத்து புகாத கோட்டு. வேலையில உடம்பு சூடேறும்போதே ஒண்ணைக் கழட்டிரணும், வேர்க்க விடக்கூடாது. பூட்ஸுக்குள்ள விரல் அசையணும். இறுக்கிச் சாக்ஸ் போட்டா ரத்த ஓட்டம் குறைஞ்சு கூடக் குளிரும்.

அங்க டிகிரியை மட்டும் பாத்தாப் பத்தாது. மைனஸ் 10-ல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா, தோலுக்கு மைனஸ் 20 மாதிரி. விரலோ காதோ வெளுத்து மரத்துப்போனா தேய்க்கக் கூடாது, தீயில காட்டவும் கூடாது. உள்ள போய், கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணியில வைக்கணும். மறுபடி குளிருக்குள்ள போகணும்னா அதைச் செய்யாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

களக்காடு: வாழைக்குப் பன்னிக் காவல். ராத்திரி குடிசைக்குள்ள சட்டியில கரி நெருப்பு வச்சுப் படுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்துலயே உயிரை எடுத்துரும். வெளிய தீ மூட்டிக் குளிர் காயுங்க. படுக்கப் போகும்போது சட்டியை வெளியவே விட்டுருங்க. தரைக்குளிர் ஏறாம, கீழ வைக்கோல் பரப்பி மேல சாக்கு விரிங்க.