தூக்கிப் பார்த்து சைக்கிள் வாங்காதீர்கள்

கே: வீடு டர்பன் பாயின்ட் பக்கம், வேலை ப்ளூ லகூன் பக்கம். கடலோர நடைபாதையிலேயே சைக்கிளில் போகப் போகிறேன், மேடே கிடையாது. 9 கிலோ சைக்கிள் 21,000 ராண்ட், 13 கிலோ 7,000 ராண்ட். எடை குறைந்ததுதானே நல்லது?
- டர்பன் வாசகர்

ப: மேடு ஏறவும் மாடி ஏற்றவும்தான் எடைக் கணக்கு. நீங்கள் 70 கிலோ என்றால், உங்களையும் சேர்த்து ஒன்று 79, மற்றது 83. வடகிழக்குக் காற்று எதிரே அடிக்கும்போது இந்த 4 கிலோ தெரியாது. காற்று இறங்கிய டயர்தான் காலைப் பிடித்து இழுக்கும்.

கடையில் போடும் எடையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். பெரும்பாலும் பெடல் மாட்டாமல் நிறுத்த எடை அது. கேரியர், மட்கார்டு, ஸ்டாண்ட், நல்ல பூட்டு எல்லாம் மாட்டினால் 3 கிலோ ஏறிவிடும். நான் ஒருமுறை அப்படியொரு லேசான சைக்கிளை வாங்கினேன். கேரியர் மாட்டத் திருகுத் துளையே இல்லை. ஜனவரிப் புழுக்கத்தில் பையை முதுகில் சுமந்து, தினமும் சட்டை நனைந்து போய் நின்றேன். நாலே மாதத்தில் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

மாடிப்படியில் தூக்க வேண்டியதில்லை என்றால் 7,000 ராண்ட் சைக்கிளையே எடுங்கள். அலுமினியச் சட்டமா, கேரியருக்குத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்று செயினைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள்.

கே: இருபத்தொரு கியர் வேண்டுமா?

ப: வேண்டாம். பின்னால் ஏழு போதும்.

கே: நடைபாதைக்கும் ஹெல்மெட்டா?

ப: ஆமாம். முதலில் ஹெல்மெட்டுக்குக் காசை எடுத்து வைத்துவிட்டு மிச்சக் காசில் சைக்கிள் பாருங்கள்.

கே: முன்பின் தெரியாத ஒருவரிடம் பெட்ரோல் பங்கில் வைத்துப் பாதி விலைக்கு வாங்கினேன். ரசீது இல்லை. சைக்கிள் சட்டத்தில் (ஃபிரேமில்) பொறித்த எண் சுரண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

ப: காசு கொடுக்கும் முன் பெடலுக்கு அடியில் குனிந்து அந்த எண்ணைப் பார்த்திருக்கலாமே! திருட்டு சைக்கிளாகத்தான் இருக்கும், போலீசில் போய்ச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

கே: மகளுக்குக் கடையில் புது சைக்கிள் வாங்கி மூன்று மாதம். பின்சக்கரக் கம்பி ஒவ்வொன்றாக அறுகிறது. பணம் கேட்டால், 'திரும்பப் பெற மாட்டோம்' என்ற பலகையைக் காட்டுகிறார்கள். ரிப்பேர்தானாம்.
- டர்பன் ஃபீனிக்ஸ் தாய்

ப: அம்மா, அந்தப் பலகைக்கு இங்கே மதிப்பில்லை. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் குறையுள்ளது என்றால் ஆறு மாதத்துக்குள் ரிப்பேரா, வேறு சைக்கிளா, பணமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. அறுந்த கம்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து, ரசீது நகலோடு, பணம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. மூன்று மாதம் போய்விட்டது, தள்ளிப் போடாமல் இந்த வாரமே எழுதுங்கள். அதுவரை மகளை அந்தச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம்.