பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

அன்புள்ள அக்கா,

நீங்கள் போன மாதம் எழுதிய ஆல்பங்களில் நாலைந்தை இறக்கிக் கேட்டேன். எனக்குக் கொடைக்கானலில் ஒரு விடுதியில் வேலை. ராத்திரி கடைசி பஸ்ஸில் பூம்பாறை திரும்பும்போதுதான் பாட்டுக் கேட்க நேரம். எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை என்ற இசைக்குழுவைப் போட்டால் ஆரம்பத்தில் ஒன்றுமே காதில் விழவில்லை. சத்தத்தைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் காதைப் பிய்க்கிறது. ஜப்பானிய இசையமைப்பாளர் சகமோட்டோவின் '12' போட்டேன், பாதி வழியில் தூங்கிவிட்டேன். வீட்டில் ஒருநாள் அதையே போன் ஸ்பீக்கரில் வைத்தேன். பூண்டு கட்டிக்கொண்டிருந்த அப்பா கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். இதில் எதைக் கேட்க வேண்டும்?

ம., பூம்பாறை

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அவரிடம் திருப்பி ஒன்று கேளுங்கள். குழந்தை வேலப்பர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ராகத்தை எடுத்து இழைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்" என்று கேட்டிருக்கிறார்களா? டி. என். ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தார். வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது, ஊரே உட்கார்ந்து கேட்டது.

அந்த மேளத்தில் இன்னொருவரும் இருப்பார். ஒத்துக்காரர். கச்சேரி முடிகிற வரை ஒரே சுரம், மூச்சு அறாமல். அவர் நிறுத்தினால் ராகத்துக்கு நிற்க இடம் இல்லை. 'ஒத்து ஊதுகிறான்' என்பதை நாம் வசவாக்கிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. '12' மாதிரி, ஆம்பியன்ட் (சூழல் இசை) என்று இன்று சொல்கிற இசையில் அந்த ஒத்துதான் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு பாட்டு வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அந்த ஒரே சுரம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறுகிறது என்று கவனித்தால் நேரம் போவதே தெரியாது.

ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ இதற்கு வந்து சேர்ந்த விதத்தை அவரே எழுதியிருக்கிறார். 1975இல் ஒரு விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி பழைய ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சிரமப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் சத்தம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. ஒரு பக்க ஸ்பீக்கரும் வேலை செய்யவில்லை. மறுபடி எழத் தெம்பில்லை. வெளியே மழை. மழையோடு மழையாக ஹார்ப் கேட்டது. அந்த வருடமே 'டிஸ்க்ரீட் மியூசிக்' ஆல்பம் வந்தது. பிறகு 1978இல் விமான நிலையங்களுக்கென்றே இன்னொரு ஆல்பம் செய்தார். வெளிச்சத்தத்தை விரட்டாமல் உள்ளே விடுகிற இசை இது.

அப்படியானால் பஸ்ஸில் ஏன் சரிவரவில்லை? இன்ஜின் உறுமல் ஒரு தாழ்ந்த சத்தம். இந்த ஆல்பங்களின் உயிர் இருப்பதும் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான். பெரிய உறுமல் சின்ன உறுமலை விழுங்கிவிடும். போன் ஸ்பீக்கரோ அந்த அடிச் சத்தத்தைத் தரவே தராது. அப்பா காதில் விழுந்தது பாதி ஆல்பம்தான், தம்பி. அவர்மேல் தப்பில்லை.

ராக் வாத்தியங்களை வைத்தே மெதுவாக வளர்த்துப் போகிற போஸ்ட்-ராக் வேறு கணக்கு. எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கைக்குப் பாடகர் கிடையாது. கிடார்களும் டிரம்ஸும் மெதுவாக அடுக்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் உடையும். கீழே அடுக்கியது காதில் விழாதவருக்கு உடைவது வெறும் இரைச்சல். 2023இல் வந்த அவர்களுடைய 'எண்ட்' ஆல்பத்தை விடுமுறை நாளில், அறைக்குள், சத்தத்தை ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். நடுவில் கூட்டாதீர்கள். ஐஸ்லாந்துக் குழு சிகுர் ரோஸ் பத்து வருட இடைவெளிக்குப் பிறகு அதே 2023இல் கொண்டுவந்த ஆல்பத்துக்கு அவர்கள் மொழியில் 'எட்டு' என்று பெயர். லண்டன் கன்டெம்பரரி ஆர்கெஸ்ட்ராவோடு செய்தது, டிரம்ஸ் கிட்டத்தட்டக் கிடையாது. இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஸ்காட்லாந்துக் குழு மோக்வாயின் 'தி பேட் ஃபயர்', 2025 ஜனவரியில் வந்தது, பஸ்ஸுக்குத் தாங்கும்.

சகமோட்டோவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெரிய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், 2021 மார்ச்சில் மெல்ல வாத்தியத்தைத் தொட ஆரம்பித்தார். தோன்றியபோது வாசித்துப் பதிந்து வைத்தார், டைரி மாதிரி. அதில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தார். தலைப்புகூட வைக்கவில்லை, வாசித்த தேதிதான் பெயர். 2023 ஜனவரி 17, அவருடைய 71ஆவது பிறந்தநாளில் ஆல்பம் வந்தது. மார்ச் 28 அன்று இறந்துபோனார்.

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பெருமாள்மலையில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. கரண்ட் இல்லை. பாதி சார்ஜ் இருந்த ஸ்பீக்கரில் '12' ஓடிக்கொண்டிருந்தது. மழை அடித்த அடியில் ஒன்றும் கேட்கவில்லை. கம்பளிக்குள்ளிருந்து எழுந்து நிறுத்தவும் மனமில்லை. பிறகு மழை வெறித்து, இறவாரத் தண்ணீர் மட்டும் வாசலில் இருந்த நீல டிரம்மில் சொட்டிக்கொண்டிருந்தது. பியானோவில் ஒரு கட்டை விழுந்தது. அது முழுக்க மங்கி அடங்கும்வரை அவர் அடுத்ததைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் ஒரு மூச்சு. வாசிக்கிறவருடைய மூச்சு, கொஞ்சம் சிரமப்பட்டு இழுத்தது. அப்புறம் இன்னொரு கட்டை. டிரம்மில் ஒரு சொட்டு. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆல்பத்தை அதற்கு முன் நாலு தடவை கேட்டிருக்கிறேன், மூச்சு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தூங்கிவிட்டதற்காக வருத்தப்படாதீர்கள். மாக்ஸ் ரிக்டர் என்ற இசையமைப்பாளர் 2015இல் தூக்கத்துக்கென்றே எட்டரை மணி நேரம் ஓடுகிற இசை எழுதினார். கட்டில் போட்டு ரசிகர்களைப் படுக்கவைத்து ராத்திரி முழுக்க வாசித்தார்கள். அவருடைய 2024 ஆல்பம் 'இன் எ லேண்ட்ஸ்கேப்' அழகானதுதான், ஆனால் எனக்கு அது சற்றுத் திகட்டுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தவர் ஜெர்மன் பியானோக்காரர் நில்ஸ் ஃப்ராம். ராத்திரியில் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று பியானோ தந்திகளுக்கு முன்னால் கம்பளித் துணி வைத்து வாசித்தவர். மைக்கைக் கிட்டே கொண்டுபோனதால் மரம் முனகுவதெல்லாம் பதிந்துவிட்டது. 2011இல் அந்தத் துணியின் பெயரிலேயே 'ஃபெல்ட்' என்று வந்த ஆல்பம் அப்படித்தான். 2024இல் வந்த 'டே'யில் தனிப் பியானோ, ஆறே உருப்படிகள்.

உங்கள் வீட்டில் ஆரம்பிக்க 'டே' போதும். ஒரு சின்ன ஸ்பீக்கர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஆல்பத்தை முழுசாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் விளம்பரம் புகுந்தால் எல்லாம் போச்சு. அப்பா பூண்டு கட்டும்போதே போடுங்கள். தாள் சரசரக்கிற சத்தத்துக்கு மேலே ஏற்ற வேண்டாம். கேட்கச் சொல்லாதீர்கள், அது அதன் பாட்டுக்கு ஓடட்டும்.

அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அப்புறம், உங்கள் ஊர்த் திருவிழா மேளத்தில் இப்போதும் ஒத்து ஊதுகிறார்களா, சுருதிப் பெட்டிதானா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா