பரணில் இருக்கும் வீணையை யார் இறக்குவது?

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. வீட்டில் கணவர், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன், 75 வயது மாமியார். விடியற்காலை ஜிம்முக்குக் கிளம்பும் மகனுக்கு முட்டை அவிப்பதில் ஆரம்பித்து, ராத்திரி மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது வரை ஒரே ஓட்டம். பிரஷர் ஏறியிருக்கிறது. "மனசுக்குப் பிடிச்ச ஹாபி ஏதாவது வச்சுக்கோங்கம்மா" என்றார் டாக்டர். மண்டலா புத்தகம், குரோஷே ஊசி எல்லாம் வாங்கினேன். பிரிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் வீணை கற்றேன். அது பரண் மேல் இருக்கிறது, இறக்கித் தர ஆளில்லை. டென்ஷன் குறைய டெரகோட்டா நகை செய்யக் கற்றுக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: டெரகோட்டா கிடக்கட்டும். "இறக்கித் தர ஆளில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. வீட்டில் இரண்டு ஆண்கள். அதில் ஒருவன் விடிவதற்குள் எழுந்து, காசு கட்டி, இரும்பு தூக்கிவிட்டு வருகிறான். அம்மாவின் வீணையைத் தூக்க மட்டும் அந்த வீட்டில் ஆளில்லையா?

அவனிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். "படிக்கிற பிள்ளை", "அலைஞ்சு திரிஞ்சு வர்ற மனுஷன்" என்று அவர்கள் சொல்ல வேண்டிய சாக்கையும் நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள். இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருத்தியின் தையல் மெஷின்மேல் மடிக்காத துணி மலை. இன்னொருத்தியின் சுருதிப் பெட்டி கட்டிலுக்கடியில். எல்லாரும் என்னிடம் புதிதாக ஒரு ஹாபிதான் கேட்கிறார்கள்.

2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை உட்கார வைத்து, களிமண், வண்ணப் பேனா, காகிதம் கொடுத்து 45 நிமிடம் இஷ்டப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் என்ற டென்ஷன் ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. கலை பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசமே இல்லை. ஆகவே உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் அந்த 45 நிமிடத்தில் யாரும் அவர்களிடம் வந்து "என் டவல் எங்கே?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மண்டலா புத்தகம் பிரிக்காமல் கிடப்பது ஆர்வம் இல்லாததாலா? நேரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கடமையைத் தட்டிக் கழிக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளாத வீடு எனக்கு வீடாகவே படாது. ஆனால் அந்த அம்மாள் பெற்றது உங்கள் கணவரை. ராத்திரி மாத்திரையை மகன் கையால் வாங்கிச் சாப்பிட்டால் அவர் சந்தோஷப்படத்தான் செய்வார். இருபது வயதுப் பையனுக்கு முட்டை அவிக்கத் தெரியாது என்றால் அது பாசம் இல்லை, அம்மணி, வளர்ப்பில் விட்ட குறை. நாளைக்கு அவன் கட்டிக்கொண்டு வருகிற பெண்ணும் இப்படி ஒரு கடிதம் எழுதுவாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். "முடிஞ்சா இறக்கிக் கொடுங்களேன்" என்று இழுக்காமல், "இறக்குங்க" என்று சொல்லுங்கள். யாளி முகத்தையோ சுரைக்காயையோ பிடித்துத் தூக்க விடாதீர்கள். ஒருவர் பெரிய குடத்தைத் தாங்க, மற்றவர் தண்டி என்கிற நீண்ட கழுத்தைப் பிடிக்கட்டும். இறக்கிய ஆசையில் உடனே தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்கிச் சுருதி சேர்க்கவும் வேண்டாம். இத்தனை வருடம் கிடந்த தந்தி பட்டென்று அறுந்து முகத்தில் அடிக்கும். தந்தியை அழுத்தி வாசிக்கிற 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. கான்கிரீட்டுக்கு அடியில் திருச்சி வெயில் எத்தனை கோடை இறங்கியிருக்கும்! மெழுகு இளகி, மெட்டு நகர்ந்திருக்கும். வீணை ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகத் திரும்பப் பதித்து, ஏழு தந்தியையும் மாற்றுங்கள். தஞ்சாவூர் உங்களுக்குப் பக்கம்தான். தூக்கிக்கொண்டு போய் வருவதும் பையன் வேலை.

வந்ததும் முதல் பாடமான சரளி வரிசையில் ஆரம்பியுங்கள். பழைய வர்ணம் விரலுக்கு ஞாபகம் வரும், விரல் நுனிதான் தாங்காது. இடது கை விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசியுங்கள். கொப்பளித்தால் இரண்டு நாள் விடுங்கள். எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறையில் ஒளிந்து வாசிக்கிற கதையே வேண்டாம். சாயங்காலம் ஏழரைக்கு ஹாலில், டிவியை நிறுத்திவிட்டு வாசியுங்கள். அந்த நேரத்தில் தோசை வேண்டும் என்பவர் தானே ஊற்றிக்கொள்ளட்டும். கருகினால் கருகட்டும், எழுந்து போகாதீர்கள்.

ஒன்று மட்டும். வீணை வந்துவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதை டாக்டர் சொல்லும்போது நிறுத்தினால் போதும்.