போர் நாவலும் வாசகர் கோபமும்: கேள்வி – பதில்

எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ நாவலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வாத்தியார் பேச்சைக் கேட்டு வகுப்போடு பட்டாளத்தில் சேர்ந்த பால் பாய்மர் என்ற ஜெர்மன் இளைஞன், முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து சொல்லும் கதை. படித்தவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த நாவலில் சிப்பாய்கள் சோற்றையும் கழிப்பறையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். நாடு, கடமை, கட்டுப்பாடு எதுவும் அவர்கள் வாயில் வருவதில்லை. இது சிப்பாயை இழிவுபடுத்துவது ஆகாதா?
– வாசகர், வேலூர்

1929இல் நாவல் வெளிவந்ததும் ஜெர்மனியின் முன்னாள் அதிகாரிகள் பலர் எழுப்பிய கேள்வி இதுதான். பிரிட்டனிலும் சில விமர்சகர்கள் இதைக் கழிப்பறை இலக்கியம் என்று ஒதுக்கினார்கள். ஆகவே உங்கள் கோபத்துக்கு நீண்ட மரபு இருக்கிறது. ஆனால் முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள்.

சமையல்காரர் 150 பேருக்கு அவரையும் இறைச்சியும் வேகவைத்துக் காத்திருக்கிறார். முன்னணியிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். கடைசி நாளில் ஆங்கிலேயரின் கனரக பீரங்கிகள் மீதிப் பேரைக் கொண்டுபோய்விட்டன. 150 பேருக்கான சோற்றையும் ரொட்டியையும் 80 பேர் பிரித்துக்கொள்கிறார்கள். தலைக்குப் பத்துச் சுருட்டு, இருபது சிகரெட் வேறு. அவர்கள் முகத்தில் மகிழ்ச்சி. சோற்றுப் பேச்சு என்று இதைத் தாண்டிப் போனால், அந்த இரட்டைப் பங்கு யாருடையது என்பதைக் கவனிக்காமல் போய்விடுவோம். எழுபது பேரின் சாவை ரெமார்க் ஒப்பாரி வைத்துச் சொல்லவில்லை. தட்டில் கூடுதலாக விழுந்த சோற்றைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

சிப்பாயின் தொழில்திறனை இந்த நாவல் அளவுக்கு மதித்த புத்தகங்கள் குறைவு. நாற்பது வயது காட்சின்ஸ்கி, எல்லோருக்கும் ‘காட்’, எந்தப் பொட்டல் காட்டிலும் சாப்பாடு கண்டுபிடிப்பவர். ஆறாம் அத்தியாயத்தில் புதிதாக வந்த பையன்களுக்கு அனுபவசாலிகள் பாடம் நடத்துகிறார்கள். தூரத்திலிருந்தே இரைந்து வரும் பெரிய குண்டுக்குப் பயப்படாதே. பூச்சி ரீங்காரம்போல வரும் சின்னக் குண்டுதான் ஆளைக் கொல்லும், அந்த ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள் என்கிறார்கள். பையன்களால் அது முடிவதில்லை. ஓர் அனுபவசாலி விழும் இடத்தில் ஐந்து முதல் பத்துப் புதியவர்கள் விழுகிறார்கள்.

அதே அத்தியாயத்தில், நச்சுவாயுவால் முகம் நீலம் பாரித்து, உதடு கறுத்துச் செத்துக் கிடக்கிற பையன்களைப் பார்க்கிறோம். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. பாஸ்ஜீன் என்ற இன்னொரு நச்சுவாயு அதையும்விடக் கனம். மேட்டில் காற்று தெளிந்த பிறகும் பள்ளத்தில் வாயு தங்கி நிற்கும். மேலே இருப்பவர்கள் முகமூடியைக் கழற்றியதைப் பார்த்து, பள்ளத்தில் இருந்த பையன்களும் கழற்றிவிட்டார்கள். கோழைகள் என்று ரெமார்க் அவர்களைச் சொல்லவில்லை. போதிய பயிற்சி கொடுக்காமல் அனுப்பியவர்கள் மீதுதான் குற்றம். ராணுவத்தில் இருந்தவர் என்பதால் இந்தப் பக்கங்களின் கனம் எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன். கதை என்று ஒன்றுமே இல்லை. சம்பவம் சம்பவமாக நகர்கிறது. எல்லோரும் இதை எப்படி ஒரே மூச்சில் படிக்கிறார்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

நாவலின் முதுகெலும்பான ஆறாம் அத்தியாயத்தின் வாசலில் நின்றுவிட்டீர்கள். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயங்கள். முன்னணிக்குப் போவது, ஓய்வுக்குத் திரும்புவது, மறுபடி போவது என்பதுதான் அதன் நடை. ஐந்தாவது ஓய்வுக் காலம். பேன் குத்துவதும், போர் முடிந்தால் என்ன செய்யலாம் என்று பேசிக்கொள்வதும், வாத்து திருடி வறுப்பதும் அங்கேதான். அடுத்ததில் நாள்கணக்கில் பீரங்கித் தாக்குதல். அது முடியும்போது அவர்களுடைய படைப்பிரிவான கம்பெனியில் எண்ணிப் பார்த்தால் 32 பேர். வாத்து வறுக்கும் இரவு மனத்தில் பதியாமல் போனால், அந்த 32 வெறும் எண்ணாகத்தான் படும்.

படிக்க ஒரு வழி சொல்கிறோம். கதையைத் தேடாமல் ஒரு ஜோடி பூட்ஸைப் பின்தொடருங்கள். முதல் அத்தியாயத்தில் கால் எடுக்கப்பட்டுக் கிடக்கும் பாலின் வகுப்புத் தோழன் கெம்மரிஹின் கட்டிலடியில் அது இருக்கிறது: மிருதுவான மஞ்சள் தோலில், மேல்வரை கயிறு கட்டும் ஆங்கிலேய விமானியின் பூட்ஸ். இன்னொரு தோழன் முல்லருக்கு அதன் மேல் கண். முதல் வாசிப்பில் முல்லர்மேல் வெறுப்பு வருவது இயல்பு. ஆனால் கெம்மரிஹுக்கு அது பயன்படும் என்றால் முல்லர் முள்கம்பி மேல் வெறுங்காலோடு நடக்கவும் தயங்கமாட்டான் என்று இரண்டாம் அத்தியாயத்தில் பால் விளக்குகிறான். கெம்மரிஹ் பிழைக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரி ஆள் எடுத்துக்கொள்வதைவிட நண்பன் எடுத்துக்கொள்வது நியாயம். பதினோராம் அத்தியாயத்தில் முல்லர் வயிற்றில் ஒளிக்குண்டு பாய்ந்து அரைமணி நேரம் துடித்துச் சாகிறான். பூட்ஸ் பாலிடம் வருகிறது. தனக்குப் பிறகு அது யாருக்கு என்பதைப் பாலும் சொல்லி வைக்கிறான். கதை இல்லை என்கிறீர்களே, கதை அந்தப் பூட்ஸில்தான் நடக்கிறது.

ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1928 நவம்பர் 10 முதல் டிசம்பர் 9 வரை பெர்லினின் ‘ஃபாஸிஷ ட்ஸைட்டுங்’ நாளிதழில் தொடராகத்தான் இது முதலில் வந்தது. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், ஆறாவதை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்.

போருக்கு யார் காரணம், யாருக்கு லாபம் என்று ஒரு வரிகூட இல்லாத நாவலைப் போர் எதிர்ப்பு நாவல் என்று எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?
– வாசகர், திருச்சி

ஒரு வரிகூட இல்லை என்பது சரியல்ல. ஏழாம் அத்தியாயத்தில் விடுப்பில் ஊருக்கு வரும் பாலிடம், முன்னணியை எட்டிப் பார்க்காத ஒரு பெரிய மனிதர் பெல்ஜியம் முழுவதும் வேண்டும், பிரான்ஸின் நிலக்கரிப் பகுதிகள் வேண்டும், ரஷ்யாவிலும் ஒரு துண்டு வேண்டும் என்று அடுக்குகிறார். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஜெர்மன் பேரரசர் கைசர் படையைப் பார்வையிட்டுப் போன பிறகு, போர் எப்படித்தான் தொடங்குகிறது என்று பாலின் தோழன் டியாடன் கேட்கிறான். ஒரு நாடு இன்னொரு நாட்டை அவமதிப்பதால் என்கிறார்கள். ஜெர்மனியிலுள்ள மலை பிரான்ஸிலுள்ள மலையை எப்படி அவமதிக்கும் என்று அவன் திருப்பிக் கேட்க, பேச்சு சூடுபிடிக்கிறது. போரால் ஆதாயம் அடைபவர்கள் இருக்கத்தான் வேண்டும் என்ற இடம் வரை வந்து, அதற்கு மேல் போகாமல் நின்றுவிடுகிறது.

அந்த நிறுத்தம் உங்களுக்குப் போதாது. அன்றைய ஜெர்மன் இடதுசாரிகளுக்கும் போதவில்லை. உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது: அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்க இந்த நாவல் இடம் கொடுக்கிறது. ஆனால் பேசுகிறவன் இருபது வயதுகூட நிறையாத பையன், பள்ளியிலிருந்து நேராக வந்தவன். அவன் வாயில் முழு அரசியல் விளக்கத்தை வைத்திருந்தால் அது ஆசிரியரின் குரலாகத்தான் ஒலிக்கும். அந்த விளக்கத்தைத் தேடுகிறவர்கள் ஆன்ரி பார்பூஸின் ‘நெருப்பு’ நாவலுக்குப் போகலாம். 1916இல், போர் நடக்கும்போதே வந்தது. அதில் சிப்பாய்கள் இறுதியில் இந்தக் கேள்வியை நேராகவே பேசுகிறார்கள். கலையாக ரெமார்க்கின் நாவலே மேல் என்பது எங்கள் எண்ணம், வாதத்துக்கு பார்பூஸ்.

ரெமார்க் போர்முனையில் இருந்ததே சில வாரங்கள்தான் என்று படித்தேன். அப்படியானால் இதெல்லாம் கற்பனைதானே?
– வாசகர், யாழ்ப்பாணம்

தகவல் சரி. 1916 நவம்பரில் 18 வயதில் படையில் சேர்க்கப்பட்டார். 1917 ஜூனில் மேற்குமுனைக்குப் போனார். ஜூலை 31 அன்று குண்டுச்சிதறல் பட்டுக் கால், கை, கழுத்தில் காயம். அதன்பின் டூயிஸ்பர்க் நகர மருத்துவமனையில் ஓராண்டுக்கும் மேல் இருந்தார். பத்தாம் அத்தியாயத்தின் மருத்துவமனைப் பக்கங்கள் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அந்த ஓராண்டுதான் காரணம்.

குழப்பத்தை உண்டாக்கியது பதிப்பகத்தின் விளம்பரம். எழுத்தாளரே அல்லாத எளிய சிப்பாயின் வாக்குமூலம் என்று விற்றார்கள். உண்மையில் அவர் பெர்லினில் பத்திரிகையாளர். முன்பே நாவல் எழுதியவர். எதிரிகளுக்கு அது போதுமான ஆயுதமாயிற்று. பிறப்பில் அவர் பெயர் ரெமார்க் என்றே ஒலித்தாலும் எழுத்துகள் வேறு (Remark). பிறகு முன்னோர் எழுதிய பிரெஞ்சு முறைக்கு (Remarque) மாற்றிக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டு, இவர் உண்மையில் கிராமர் (Kramer) என்ற யூதர், பெயரைத் திருப்பி எழுதியிருக்கிறார் என்று நாஜிகள் கதை கட்டினார்கள். அவர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை.

வதந்தியோடு நிற்கவில்லை. 1930 டிசம்பரில் இந்தக் கதையின் ஹாலிவுட் படம் பெர்லினில் ஓடியபோது, நாஜிக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கோயபல்ஸ் தலைமையில் அரங்குக்குள் நாற்றக் குண்டு வீசி, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களிலேயே அரசு படத்தைத் தடை செய்தது. 1933 மே 10 அன்று புத்தகம் தீக்கிரையானது. 1938இல் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1943 டிசம்பரில் அவருடைய தங்கை எல்ஃப்ரீடா, போரில் ஜெர்மனி தோற்றுவிட்டது என்ற பொருளில் பேசியதற்காகத் தலை வெட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்.

சில வாரங்கள் போதுமா என்றால், நாவலுக்குப் போதும். நாட்குறிப்பாக இதைப் படிக்கக் கூடாது. முன்னணியில் ஆண்டுக்கணக்கில் இருந்து, பதினான்கு காயம் பட்டவரின் நாட்குறிப்பிலிருந்து பிறந்த நூல் வேண்டுமென்றால், எர்ன்ஸ்ட் யுங்கரின் ‘எஃகுப் புயல்’ (1920) இருக்கிறது. அதே சேறு, அதே பீரங்கி. ஆனால் அவர் போரில் ஒரு மேன்மையைக் கண்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், அனுபவத்தின் நீளம் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும்.

பெண்கள் எல்லோரும் நிழல்களாகவே வருகிறார்களே?
– வாசகி, மதுரை

உண்மைதான்; நாவலின் பலவீனம் அது. பிரெஞ்சுப் பெண்கள் மூவரும் ரொட்டிக்கும் ஆறுதலுக்குமாக வந்து போகிறார்கள். ஆனால் கெம்மரிஹின் தாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். மகன் எப்படிச் செத்தான் என்று சொல் என்று பாலை உலுக்குகிறாள். உடனே உயிர் போனது, வலியே இல்லை என்று பால் சத்தியம் செய்து பொய் சொல்கிறான். இரண்டே பக்கம்தான், அந்தத் தாய் நிழல் அல்ல.

என்னிடம் உள்ள பழைய ஆங்கிலப் பிரதியில், நண்பர்கள் சொல்லும் சில காட்சிகள் இல்லை. ஏன்?
– வாசகர், சென்னை

அது பழைய அமெரிக்கப் பதிப்பின் மறு அச்சாக இருக்கலாம். 1929இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது சில பகுதிகளை வெட்டினார்கள். பிரிட்டனில் வந்த பதிப்பில் அவை இருந்தன. இரண்டு இடங்களில் சோதியுங்கள். முதல் அத்தியாயத்தில் பாலும் நண்பர்களும் மரப்பெட்டிக் கழிப்பிடங்களை வெட்டவெளிக்குத் தூக்கிவந்து, வட்டமாக உட்கார்ந்து சீட்டாடும் காட்சி இருக்கிறதா? பத்தாம் அத்தியாயத்தில் காயம்பட்ட லெவாண்டோவ்ஸ்கியைப் பார்க்க அவன் மனைவி வர, வார்டில் இருப்பவர்கள் அவர்களுக்குத் தனிமை ஏற்படுத்திக் கொடுக்கும் காட்சி இருக்கிறதா? இல்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள். மென்மையான பக்கங்களைத்தான் அசிங்கம் என்று வெட்டியிருக்கிறார்கள். நாவலின் சிரிப்பும் கருணையும் அவற்றில்தான் இருக்கின்றன. புதிதாக வாங்குவதானால் 1990களில் பிரையன் மர்டாக் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு முழுமையானது, இன்றைய காதுக்கும் இதமானது.

2022இல் வந்த படத்தைப் பார்த்தால் போதாதா? நாவலையும் படிக்க வேண்டுமா?
– வாசகர், சேலம்

நான்கு ஆஸ்கர் வாங்கிய படம்; ஒளிப்பதிவும் இசையும் மிகச் சிறப்பு. ஆனால் அது வேறு கதை. பால் விடுப்பில் ஊருக்குப் போகும் ஏழாம் அத்தியாயம் படத்தில் கிடையாது. தன் அறையில், தன் புத்தகங்களுக்கு முன்னால் உட்கார்ந்தும் எதுவும் தன்னோடு பேசவில்லை என்று அவன் உணரும் பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன. சாகாமல் தப்பியவர்களும் அழிந்துவிட்டார்கள் என்ற நாவலின் உயிர்க்கருத்து அந்தப் பக்கங்களோடு போய்விடுகிறது. மாறாக, நாவலில் இல்லாத போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை சேர்ந்திருக்கிறது. படத்தில் பால் 1918 நவம்பர் 11 அன்று, போர் நிற்பதற்குச் சற்று முன் கடைசித் தாக்குதலில் குத்துப்பட்டுச் சாகிறான். நாவலில் அவன் சாவது அக்டோபரில், எதுவுமே நடக்காத ஒரு நாளில். தலைமையகத்தின் அறிக்கையில் அன்று குறிப்பிட எதுவும் இல்லை. அதுவரை ‘நான்’ என்று சொல்லிவந்த குரல் நின்று, வேறு யாரோ சில வரிகளில் அவன் சாவைத் தெரிவிக்கிறார்கள்.

படத்தின் முடிவில் அநியாயம் என்று கத்தத் தோன்றும். நாவலின் முடிவில் கத்துவதற்குக்கூட இடமில்லை. முதலில் நாவல், பிறகு படம் என்ற வரிசையில் போங்கள். 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும் கிடைத்தால் பாருங்கள். பட்டாம்பூச்சியை நோக்கிக் கை நீட்டும் அதன் புகழ்பெற்ற கடைசிக் காட்சியும் நாவலில் கிடையாது.