சின்ன ஆற்றங்கரை ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு வெளியூரிலிருந்து புதுப் பூ அனுப்ப நல்ல வழி எது?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கிறாராம். அம்மா அப்பா கல்லிடைக்குறிச்சியில். வருகிற அவர்களுடைய கல்யாண நாளுக்கு எந்த இணையதளத்தை நம்பிப் பூ ஆர்டர் செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஊர் தாமிரபரணிக்கு இந்தப் பக்கம், அம்பாசமுத்திரம்; அம்பை என்போம். வேலை புனேயில். இங்கே இருந்துகொண்டே பல வருஷமாக ஊருக்குப் பூ ஏற்பாடு செய்து வருகிறேன். என் பதில்: எந்தத் தளமும் வேண்டாம். பூ ஊரிலேயே இருக்கிறது. நீங்கள் பணத்தை மட்டும் அனுப்புங்கள்.

தளம் நடத்துகிறவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. அம்பையிலோ கல்லிடையிலோ அவர்களுக்குப் பெரும்பாலும் ஆள் இருக்காது. உங்கள் ஆர்டர் திருநெல்வேலியில் ஏதோ ஒரு பொக்கே கடைக்குத் தள்ளிவிடப்படும், இல்லையென்றால் பெரிய நகரத்திலிருந்து கூரியரில் புறப்படும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்த ரோஜாவும் ஜெர்பராவும் திருநெல்வேலி வரை எப்படியோ குளிரில் வந்துவிடும். அதற்கப்புறம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் பைக்கில், வெயிலில். என் தங்கை ஒருமுறை அம்மா பிறந்தநாளுக்கு அப்படி ஆர்டர் போட்டாள். காலையில் வர வேண்டியது விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தது. கொண்டுவந்த பையன் ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு, வீடு அம்பையா கல்லிடையா என்று அவளுக்கே போன் போட்டுக் கேட்டான். ஜெர்பரா எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. அம்மா ஜிகினாத் தாளைப் பிரித்து, ரிப்பனைச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டு, "இத சாமிக்கு வைக்கவா, இல்ல என்ன செய்ய?" என்று கேட்டாள். தங்கையிடம் பதில் இல்லை.

பூ வாடிப்போனதைவிட அந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நம் வீடுகளில் பூ வந்தால் அதற்கு உடனே ஒரு இடம் உண்டு. சாமி படம், நிலைப்படி, தலை, இறந்தவர் படம். மேஜை மேல் ஜாடியில் வைத்துப் பார்ப்பதற்கென்று ஒரு பூ அந்த வயதுக்காரர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் முதலில் இதை முடிவு செய்யுங்கள்: நீங்கள் அனுப்புகிற பூவை உங்கள் அம்மா எங்கே வைப்பார்?

அடுத்தது ஆள் பிடிப்பது. உங்கள் தெருவுக்கு வாடிக்கைப் பூ போடுகிற அக்கா ஒருவர் கட்டாயம் இருப்பார். அம்மாவிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் நம்பர் கிடைக்கும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றால் பக்கத்து வீட்டு மைனியிடமோ தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடமோ கேளுங்கள். எங்களுக்குப் பூ போடுகிற அக்கா கோயில் பக்கம் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு தட்டு, தட்டில் ஈரச் சாக்கு, அதன்மேல் வாழையிலை, இலைமேல் சரம். அளக்கும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீட்டி, அதற்கும் மேலே நாலு பூவை விட்டுத்தான் அறுப்பார். செல்போனில் எழுத்தெல்லாம் தட்ட மாட்டார், பேசித்தான் அனுப்புவார். பணம் அவர் மகன் நம்பருக்கு ஜிபேயில் போகும். நான் மாதத்துக்கு ஒரு தொகை முன்பணமாகப் போட்டுவிடுகிறேன். வெள்ளி, செவ்வாய், அமாவாசை, பிறகு எங்கள் வீட்டு விசேஷ நாள்கள். கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது, நான் கேட்டதில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் தினமும் பாலம் தாண்டி வர மாட்டார். கல்லிடைக்கு கல்லிடை ஆளையே பிடியுங்கள்.

பூவின் நேரம் தெரிந்துகொண்டால் ஆர்டர் சொல்வது சுலபம். மல்லியும் பிச்சியும் விடியும் முன்னே மொட்டாகப் பறிப்பது. சங்கரன்கோவில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தோவாளைச் சந்தையிலிருந்தும் காலையில் மூட்டையாகப் பஸ் ஏறி வருகிறது. மத்தியானத்துக்குள் கட்டி முடித்தால் சரம் முழுக்க மொட்டாகவே இருக்கும். சாயங்காலம் இருட்டும்போது விரிய ஆரம்பிக்கும், ராத்திரி வாசனை வீட்டையே பிடித்துக்கொள்ளும், மறுநாள் காலையில் பழுப்பு விழுந்துவிடும். ஆகவே காலையில் கோலம் போடும் நேரத்துக்கு மல்லிச் சரம் கேட்டால் முந்தின நாள் பூதான் வரும், அது அக்காவின் குற்றமில்லை. மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்துக்குள் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அடுத்த நாளுக்கு வேண்டுமென்றால் மொட்டை நனைக்காமல், வாழையிலையில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்தால் நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மல்லிக்கு அதுதான் எமன், ஈரம் பட்ட இடமெல்லாம் சிவந்துபோகும்.

காலையிலேயே வேண்டும் என்றால் சம்பங்கி, கேந்தி (செண்டுமல்லி), அரளி, கனகாம்பரம், மரிக்கொழுந்து. இவை தாங்கும். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, ஆனால் இரண்டு நாள் நிறம் மாறாமல் இருக்கும். கனகாம்பரத்தோடு பிச்சி சேர்த்துக் கட்டச் சொன்னால் நிறமும் வாசனையும் கிடைத்துவிடும். எங்கள் பக்கத்தில் மல்லியைவிடப் பிச்சிக்குத்தான் மதிப்பு என்பது என் கட்சி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இருக்கட்டும். மொட்டின் வெளிப்புறத்தில் லேசாகச் சிவப்பு ஓடிய பிச்சியை எங்கள் ஆச்சிகள் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

விலை விஷயத்தில் அதிர்ச்சி அடையாதீர்கள். சித்திரை, வைகாசியில் மல்லி கொட்டும், மலிவாகக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்தால் பூ நனைந்து வரத்து குறையும். மார்கழிப் பனியில் மொட்டே சரியாகப் பிடிக்காது. அதே நேரத்தில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வாங்குவார்கள், அடுத்துப் பொங்கல், அதன்பின் தை முகூர்த்தம். அந்த வாரங்களில் மல்லி கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. ஓணத்துக்கு முன்னால் கேரள வியாபாரிகள் தோவாளையில் அள்ளிக்கொண்டு போவதால் கேந்தியும் வாடாமல்லியும் ஏறும். பங்குனி உத்திரத்துக்கு நெல்லைச் சீமை முழுக்கத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகும், அன்றைக்கு எந்தப் பூவுக்கும் பேரம் பேச முடியாது. இந்த நாள்களில் உங்கள் விசேஷம் வந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லி, விலை போட்டு வாங்கச் சொல்லிவிடுங்கள். எங்கள் அக்கா அவராகவே கூப்பிட்டுச் சொல்வார்: "தம்பி, நாளைக்கு முகூர்த்தம்லா, மல்லியில கை வைக்க முடியாது. பிச்சி தரட்டா?" தரட்டும். அவருக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியும்.

உங்கள் அம்மா அப்பா கல்யாண நாள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சம்பங்கி மாலை, நடுவில் ரோஜா வைத்து. மாலை கட்டுகிற கடையில் முந்தின நாள் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். முழுக்க ரோஜா மாலை படத்தில் அழகாக இருக்கும், கழுத்தில் போட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இதழ் உதிரும். அம்மாவுக்குத் தனியாகப் பிச்சிச் சரம் நாலு முழம். சாமி படங்களுக்கு உதிரி அரளி. தெருவில் நாலு வீட்டுக்கு ஆளுக்கு ஒரு முழம் கூடுதலாகச் சொல்லுங்கள், செலவு பெரிதாக ஆகாது. பிள்ளை பெங்களூரிலிருந்து பூ அனுப்பியிருக்கிறான் என்று கொண்டுபோய்க் கொடுக்கிற சந்தோஷம் உங்கள் அம்மாவுக்கு. அறுபதாம் கல்யாணம் மாதிரிப் பெரிய விசேஷம் என்றால், நாகர்கோவில் பக்கம் போகிறவர் யாராவது கிடைத்தால், தோவாளை மாணிக்க மாலை வாங்கிவரச் சொல்லலாம். சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் நொச்சி இலையும் மடித்துப் பாய் போலப் பின்னுவது. 2025இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு விஷயம் யாரும் கேட்பதில்லை, ஆனால் தேவைப்படும். எங்கள் அப்பா போன பிறகு அம்மா தலையில் பூ வைப்பதில்லை. வைத்தால் என்ன என்று நானும் தங்கையும் சொல்லிப் பார்த்தோம், அவள் விருப்பம் அது, விட்டுவிட்டோம். அதற்காகப் பூவை நிறுத்தவில்லை. அப்பா படத்துக்குச் சம்பங்கிச் சரம், சாமிக்கு அரளி, மிச்சமாகப் பிச்சி ஒரு முழம். அந்தப் பிச்சி பக்கத்து வீட்டு மைனிக்குப் போகும் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதை ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். கேட்காமல் மல்லிச் சரம் அனுப்பி வைத்து அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பது நன்றாக இருக்காது.

துட்டிக்கு மாலை அனுப்புவது தனி அவசரம். ஊரில் பெரியப்பாவோ பழைய வாத்தியாரோ இறந்துவிட்டார், உங்களால் போய்ச் சேர முடியாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு எடுக்காவ? அதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் மாலை போய்ச் சேர வேண்டும். எடுத்த பிறகு வந்த மாலையைப் போல வீண் செலவு கிடையாது. பூக்கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார், ஆனால் போட மாட்டார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவனை வாங்கிக்கொண்டு போய் உங்கள் பெயரைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள். வீட்டார் அதைக் கவனிப்பார்கள், பிற்பாடு நினைவாகச் சொல்வார்கள்.

அக்காவிடம் ஒரு சின்னக் கோரிக்கையும் வைக்கலாம். சரத்தை நைலான் நூலில் கட்டாமல் வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள், மாலைக்கு ஜிகினா வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஊரில் காய்ந்த பூவைக் குப்பையில் போட மனம் வராமல் ஆற்றில்தான் விடுகிறார்கள். பூ கரைந்துபோகும், நூல் படித்துறையில் சிக்கிக்கொண்டு கிடக்கும். நார் என்றால் அக்கா அஞ்சோ பத்தோ கூடக் கேட்கலாம். கொடுத்துவிடுங்கள், நாரை நனைத்துக் கிழித்துக் கட்ட நேரம் பிடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு ரோஜாக் கொத்துதான் வேண்டும் என்றால், அதற்கும் தளம் தேவையில்லை. திருநெல்வேலியில் உள்ள பொக்கே கடை ஒன்றை நீங்களே போனில் பிடித்து, காலையில் கட்டச் சொல்லி, கட்டி முடித்ததும் படம் அனுப்பச் சொல்லுங்கள். அம்பைக்கு வருகிற உறவினரோ தெரிந்த கார் டிரைவரோ இருந்தால் வழியில் வாங்கி வரச் சொல்லலாம். காம்புக்கு அடியில் ஈரப் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு செம்பில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிடுங்கள்.