எக்ஸ்ரேயில் முள் தெரியாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ரொம்ப நாள் டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். காயம்பட்டவர்கள் கேட்டதும் என் பதிலும் இங்கே.

ஐயா, குலை வெட்டும்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) முள் முட்டியில் ஏறிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வாரமாகியும் வீக்கம் வடியவில்லையே?

"ஒன்றுமில்லை" என்றால் எக்ஸ்ரேக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள் தம்பி. எலும்பு, இரும்பு, கல் எல்லாம் வெள்ளையாக விழும். முள்ளும் மரச்சிராயும் சதையின் நிறத்திலேயே கரைந்துபோகும். அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் முள் பளிச்சென்று கோடாகவும், அதன் பின்னால் ஒரு நிழலாகவும் தெரியும். சிடி ஸ்கேனிலும் மரம் ஏமாற்றும்; காய்ந்த துண்டு காற்றுக்குமிழி மாதிரி கறுப்பாக இருக்கும். அதனால் முள் குத்தியது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலர் "கீழே விழுந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்! மூட்டுக்குள் முனை ஒடிந்து தங்கினால் கிருமி இல்லாமலேயே வீங்கும். மருந்து சாப்பிடும்போது குறைந்து, நிறுத்தியதும் திரும்ப வரும். ஆறிய புண் மறுபடி மறுபடி சீழ் கட்டினாலும் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே நினைக்க வேண்டும்.

கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாதாமே அண்ணே?

யாரோ கட்டிவிட்ட கதை. 2 மில்லிமீட்டர் துண்டுகூடப் பெரும்பாலும் தெரியும். ஆனால் இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டும். ஒரே படம் என்றால் எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

புல்வெட்டு மெஷினில் வேலை செய்கிறேன். கண்ணில் என்னவோ பட்டது. வலி இப்போது இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. கத்தி கல்லில் மோதித் தெறிக்கும் இரும்புப் பொடி கண்ணைத் துளைத்து உள்ளே போனாலும் வலி பெரிதாக இருக்காது. இன்றைக்கே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கண்ணைக் கசக்க வேண்டாம். எம்ஆர்ஐ (பெரிய காந்தத்தை வைத்து எடுக்கும் ஸ்கேன்) எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் இரும்பு பட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காந்தம் துண்டை இழுத்தால் பார்வையே போய்விடும்.

செருப்பைத் துளைத்து ஆணி ஏறியது, பிடுங்கிவிட்டேன். போதுமா?

ஆணி முழுசாக வந்ததா என்று பாருங்கள், செருப்பையும் பாருங்கள். ரப்பர் துண்டு ஒன்று காணாமல் போயிருந்தால் அது காலுக்குள்தான் இருக்கும். செருப்பையும் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

மார்பிலோ வயிற்றிலோ கம்பி குத்தி நின்றால்?

பிடுங்காதீர்கள். அசையாமல் துணி சுற்றிப் பிடித்தபடி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.